பனியில் நின்ற எலுமிச்சை



உதகமண்டலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக நான் சேர்ந்த முதல் ஆண்டு. தீபாவளி விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய மாணவர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தகர டப்பா. அதில் முழங்கை உயரத்துக்கு ஓர் எலுமிச்சங் கன்று. எலுமிச்சை வாணிபத்துக்குப் பேர்போன புளியங்குடிப் பக்கத்துப் பையன் அவர். "அப்பா கொடுத்து விட்டார் சார். இந்தக் குளிருக்கு வருமா என்று பார்க்கச் சொன்னார்" என்றார்.

"வராமல் என்ன? நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தால் போதும்" என்றேன் நான். சொன்னபடியே முற்றத்தின் நட்டநடுவில், எந்த நிழலும் விழாத புல்தரையில் குழி தோண்டி வைத்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தால், புல்தரை முழுவதும் பொடியுப்பைத் தூவினாற்போல் வெள்ளை. கன்றின் இலைகள் விறைத்து நின்றன. வெயில் ஏறியதும் வெந்த கீரைபோல் கறுத்துத் துவண்டுவிட்டன. ஒரு வாரத்தில் தண்டும் காய்ந்தது. இத்தனைக்கும் தாழ்வாரத்தில் நான் தொங்கவிட்டிருந்த வெப்பமானி அன்றிரவு 3° செல்சியசுக்குக் கீழே இறங்கவே இல்லை!

வீட்டுக்கார அம்மாள் தம் சமையலறையின் கருங்கல் சுவரை ஒட்டி, ஓட்டுச் சரிவுக்கு அடியில் ஒரு நாரத்தைச் செடி வைத்திருந்தார். அதில் ஓர் இலைகூடக் கருகவில்லை. "வானம் பார்த்த எடத்துல வைக்கலாமா சார்? பனி நேரா எறங்குமே" என்றார். பனி வானத்திலிருந்து இறங்குவதில்லை என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் செடி பிழைத்தது அவருடையது, செத்தது என்னுடையது. அந்த மாணவருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையில்தான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

வானம் பார்த்த இலை

ஒவ்வொரு பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் உள்ள ஓர் இலை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 320 வாட் வீதம் வெப்பத்தை வெளியிடுகிறது. மேகமில்லாத இரவில் வானம் அதற்குத் திருப்பித் தருவது சுமார் 250 வாட்தான். மீதி 70 வாட் நட்டம். பகலில் சூரியன் கொடுத்த சேமிப்பு இருக்கும்வரை பரவாயில்லை. விடியற்காலையில் அதுவும் தீர்ந்துபோகிறது. அப்போது இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவே மூன்று நான்கு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. காற்று 3 டிகிரியில் இருக்க, இலை 0 டிகிரிக்குக் கீழே போய்விட்டது இப்படித்தான். உதகை போன்ற உயரமான இடங்களில் மேலே உள்ள காற்று மெல்லியது. ஜனவரியில் வறண்டும் இருக்கும். ஆகவே வானம் திருப்பித் தருவது இன்னும் குறைவு.

ஓட்டுக்கடியில் இருந்த நாரத்தையின் கதை வேறு. அது பார்த்தது வானத்தை அல்ல, ஓட்டையும் சுவரையும். அவையும் ஏறக்குறைய இலையின் வெப்பநிலையிலேயே இருப்பதால், இலை கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டன. கருங்கல் சுவரோ பகல் வெயிலைச் சேமித்து வைத்து வட்டியும் சேர்த்துக் கொடுத்தது. வீட்டுக்கார அம்மாள் சொன்ன காரணம் தவறு. சொன்ன இடம் சரி.

இமயத்தின் அடிவாரத்துப் பிள்ளை

எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, சாத்துக்குடி, பம்பளிமாசு எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூதாதை இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில், இன்றைய அசாம், வட மியன்மார், மேற்கு யுன்னான் பகுதிகளில் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கவேண்டும் என்று 2018-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கூறுகிறது. அங்கிருந்து இவை மேற்கே போனபோது பெயரும் கூடவே போயிற்று. வடமொழி நாரங்கம், பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நாரன்ஹா, ஆங்கில ஆரஞ்சு என்று அது உருமாறியது. வடமொழிச் சொல்லே ஒரு திராவிட மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. நம் நாரத்தையை நினைத்துக் கொள்ளுங்கள்!

மழையும் வெப்பமும் உள்ள அடிவாரத்தில் பிறந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் பழக்கம் இல்லை. ஆப்பிள் மரம் உறங்குகிறது. ஆரஞ்சு மரமோ குளிர் வந்தால் வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். வெப்பநிலை சுமார் 13° செல்சியசுக்கு மேல் ஏறிவிட்டால் மறுபடியும் தளிர்விடத் தொடங்கிவிடும். இந்தச் சுபாவத்தால் நேர்ந்த பெருநாசத்தைப் பின்னால் பார்ப்போம்.

எந்த மரம் எவ்வளவு குளிர் தாங்கும்? நம் எலுமிச்சை மிகவும் பூஞ்சை. உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே கருகும். ஐரோப்பியர் வளர்க்கும் லெமன் −2, −3 டிகிரிவரை சமாளிக்கும். ஆரஞ்சு −5 வரை. ஜப்பானின் சத்சுமா என்னும் கமலா ஆரஞ்சு, படிப்படியாகக் குளிருக்குப் பழகியிருந்தால் −8 டிகிரிவரைகூடத் தாங்கும். செல்சாற்றில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் அது 0 டிகிரியில் உறையாது; ஆனால் அதனால் கிடைக்கும் சலுகை ஒன்றிரண்டு டிகிரிதான். முதலில் பனிக்கட்டி செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் தோன்றுகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. கடுங்குளிரில் பனிக்கட்டி செல்லுக்குள்ளேயே தோன்றினால் சவ்வு கிழிந்து செல் அழிந்துவிடும். என் கன்றின் இலை வெந்த கீரைபோல் ஆனதற்குக் காரணம் இதுதான். கீரையை வேகவைக்கும்போதும் செல்சவ்வுகள்தாம் சிதைகின்றன.

அரசரின் சுவரும் ஏரியின் கரையும்

பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் அரண்மனையில் 14-ம் லூயி மன்னருக்காக அர்துவென் மான்சார் என்ற கட்டடக் கலைஞர் 1684-லிருந்து 1686-க்குள் ஓர் ஆரஞ்சு மாளிகை கட்டினார். நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். சுவர்களின் தடிமன் நான்கைந்து மீட்டர்! மரப் பெட்டிகளில் வளரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் குளிர்காலத்தை இதற்குள் கழித்துவிட்டு, கோடையில் வெளியே வரும். மாளிகையின் உயரமான சன்னல்கள் தெற்கு நோக்கியவை. ஏன் தெற்கு? உங்கள் திரிகோணமிதி இங்கே உதவும். வெர்சேல்ஸ் 48.8° வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 22-ஐ ஒட்டி நண்பகலில் சூரியனின் உயரம் 90 − 48.8 − 23.4 = 17.8 டிகிரிதான். தரையில் படும் வெயில் சைன் 17.8, அதாவது 0.31 பங்கு. தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரில் படுவது கோசைன் 17.8, அதாவது 0.95 பங்கு. தரையைப்போல் மும்மடங்கு! நம் ஊரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை வேறாக வரும்.

அரசர் காசைக் கொட்டிச் செய்ததை இத்தாலியின் கார்தா ஏரிக்கரை உழவர்கள் ஏறக்குறைய இயற்கையின் செலவிலேயே செய்தார்கள். இந்த ஏரி ஆல்ப்ஸ் மலையின் காலடியில், சுமார் 46° வட அட்சத்தில் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர். அதிக ஆழம் 346 மீட்டர். ஒரு கன மீட்டர் நீர் 1 டிகிரி குளிர்ந்தால் 1000 கிலோகலோரி வெப்பம் வெளிவரும். ஒரு கன மீட்டர் காற்று 1 டிகிரி சூடேற 0.3 கிலோகலோரி போதும். ஆக, ஒரு கன மீட்டர் ஏரிநீர் 1 டிகிரி குளிரும்போது 3000 கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றை 1 டிகிரி சூடாக்க முடியும். கோடை முழுவதும் வாங்கிய வெப்பத்தை ஏரி குளிர்காலம் முழுவதும் சிறுகச் சிறுகக் கடன் கொடுக்கிறது.

ஏரிக்கரையில் மலைச்சரிவைப் படிகளாக வெட்டி, வடக்கே உயர்ந்த சுவர் எழுப்பி, வரிசை வரிசையாகக் கற்றூண்கள் நிறுத்தினார்கள். குளிர்காலத்தில் தூண்களின்மேல் உத்தரங்களைப் போட்டுப் பலகைகளாலும் கண்ணாடிச் சட்டங்களாலும் மூடிவிடுவார்கள். வசந்தத்தில் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிடுவார்கள். 1786 செப்டம்பரில் லிமோனே என்ற ஊரைப் படகில் கடந்துபோன ஜெர்மானியக் கவிஞர் கதே இந்தத் தூண் வரிசைகளைத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். (அந்த ஊரின் பெயர் லெமனிலிருந்து வந்ததல்ல, எல்லை என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது.) வெப்பமானி கையில் இல்லாத காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு தட்டில் தண்ணீர் வைப்பார்களாம். அதன்மேல் மெல்லிய பனி ஆடை படரத் தொடங்கினால் உடனே தீ மூட்டுவார்கள். எவ்வளவு அழகான கருவி! தண்ணீர் 0 டிகிரியில் உறையும். லெமனுக்கு ஆபத்து −2 டிகிரியில். இடையில் இருக்கும் அவகாசம் தீ மூட்டப் போதும்.

1861-ல் இத்தாலி ஒரே நாடானதும் தெற்கிலிருந்து மலிவான பழங்கள் வந்து குவிந்தன. மரநோயும் சேர்ந்துகொண்டது. 1928-29 கடுங்குளிர் மிச்சத்தையும் முடித்தது. இன்று பல தோட்டங்களில் வெறும் தூண்களே நிற்கின்றன. சிலவற்றை மட்டும் பழையபடி பராமரித்துப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது அடி

இப்போது ஃபுளோரிடாவுக்கு வருவோம். 1894 டிசம்பர் கடைசியில் ஒரு குளிரலை வந்தது. பழங்கள் மரத்திலேயே உறைந்தன, இலைகள் உதிர்ந்தன. ஆனால் மரங்கள் சாகவில்லை. ஜனவரி இதமாக இருந்தது. மரங்கள் புதுத் தளிர்விட்டன, சாறு மேலேறியது, தப்பித்தோம் என்று உழவர்கள் மகிழ்ந்தார்கள். 1895 பிப்ரவரி 7, 8 தேதிகளில் அடுத்த குளிரலை வந்து இறங்கியது. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகும் அல்லவா? சாறு நிறைந்திருந்த மரங்களின் பட்டைகள் வெடித்த ஓசை துப்பாக்கி சுட்டதுபோல் கேட்டது என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். 50 லட்சம் பெட்டிகளுக்கு மேல் இருந்த விளைச்சல் மறு ஆண்டு 2 லட்சம் பெட்டிக்கும் கீழே விழுந்தது. பலர் வீட்டையும் தோப்பையும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

இரண்டு குளிர்களில் முதலாவது வராமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு நாசம் வந்திராது என்பதைக் கவனியுங்கள். கொன்றது குளிர் மட்டுமல்ல, நடுவில் வந்த அந்த இதமான ஜனவரியுந்தான்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் சுவிங்கிள், வெப்பர் என்ற இரு அறிஞர்கள், உறங்கத் தெரிந்த ஆரஞ்சு மரத்தைத் தேடினார்கள். சீனாவைச் சேர்ந்த மூவிலை ஆரஞ்சு அதற்குக் கிடைத்தது. நம் வில்வத்தைப்போல் மூன்று மூன்றாக இலைகள், நீண்ட முள்கள். வில்வமும் இதே குடும்பம்தான். ஒரு காலத்தில் தாவரவியலார் இதை வில்வத்தின் இனத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். குளிர் வந்தால் இது இலைகளை உதிர்த்துவிட்டு அசல் உறக்கத்தில் ஆழும். −20 டிகிரியிலும் சாகாது. பழமோ வாயில் வைக்க முடியாத கசப்பு. 1897-ல் இதை இனிப்பு ஆரஞ்சுடன் கலந்து கலப்பினங்கள் உண்டாக்கினார்கள். இனிப்பும் குளிர்தாங்கும் வன்மையும் ஒன்றாகக் கூடிவரும் என்று எதிர்பார்த்தார்கள். குளிரைத் தாங்கியது, கசப்பும் போகவில்லை! ஆனால் முயற்சி வீணாகவில்லை. இத்தகைய கலப்பினங்களின் வேர் நோய்களைத் தாங்குவதாக இருந்தது. பின்னால் வந்த டிராயர், கரிசோ போன்ற கலப்பினங்களின் மேல் நல்ல ஆரஞ்சை ஒட்டுக்கட்டி உலகின் பல தோப்புகளில் வளர்க்கிறார்கள். பழத்துக்காகப் பிறந்தது வேருக்காக வாழ்கிறது.

இதே துறைக்காகச் செடிகளைத் தேடி ஆசியா முழுவதும் நடந்தே திரிந்த ஃபிராங்க் மேயர் என்பவர், 1908-ல் பீக்கிங் அருகே, வீட்டு அலங்காரத்துக்காகத் தொட்டியில் வளர்த்த ஒரு லெமன் செடியைக் கண்டெடுத்தார். சாதாரண லெமனைவிடக் குளிர் தாங்கும், புளிப்பும் குறைவு. குளிர்நாடுகளில் சன்னலோரத் தொட்டிகளில் இன்றும் விரும்பி வளர்க்கப்படும் மேயர் லெமன் அதுதான். வெளியே தெரியாமல் ஒரு வைரஸ் நோயைத் தாங்கிப் பரப்புகிறது என்று பின்னர் தெரிந்ததால், நோயற்ற செடியை வளர்த்தெடுத்து 1975-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மேயர் அதைக் காண இருக்கவில்லை. 1918-ல் யாங்ட்சி ஆற்றில் இறந்துபோனார்.

பனிக்கட்டியால் போர்த்துவது

குளிர்கிற மரத்தின்மேல் தண்ணீர் ஊற்றுவதைப்போலப் பைத்தியக்காரத்தனம் உண்டா? ஃபுளோரிடாவில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உள்ளுறை வெப்பம் வெளிவருகிறது. முதலில் பார்த்த 70 வாட் நட்டத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு அது சுமார் 60 கிலோகலோரி. 60-ஐ 80-ஆல் வகுத்தால் 0.75. ஆகவே சதுர மீட்டருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் நீர் உறைந்துகொண்டிருந்தால் நட்டம் ஈடாகிவிடும். காற்று, இலைகளின் அடுக்கு இவற்றையெல்லாம் சேர்த்து நடைமுறையில் இதைப்போல் பல மடங்கு தெளிக்க வேண்டும். மரம் பனிக்கட்டிக்குள் அகப்பட்டு நிற்கும். ஆனால் உள்ளே வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

இதில் ஓர் அபாயம் உண்டு. ஒரு கிராம் நீர் உறைந்தால் 80 கலோரி வரவு. ஒரு கிராம் ஆவியானால் ஏறக்குறைய 600 கலோரி செலவு. ஏழரை மடங்கு! வறண்ட காற்று பலமாக வீசும் இரவில் தெளித்தால் காக்க வந்ததே கொன்றுவிடும். நள்ளிரவில் மின்சாரம் நின்று பம்பு ஓடாமற்போனாலும் அதே கதிதான். கிளைகள் பனிக்கட்டியின் பாரத்தால் முறிவதும் உண்டு. அதனால் இப்போது சிறு தெளிப்பான்களை மரத்தடியில் வைத்து, இளமரத்தின் தண்டையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் மட்டுமாவது காப்பாற்றுகிறார்கள். மேலே கருகினாலும் கீழிருந்து தளிர்க்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். கண்ணாடிக் குவளை ஒன்றில் நொறுக்கிய பனிக்கட்டியும் அதில் மூன்றில் ஒரு பங்கு சமையல் உப்பும் கலந்து வையுங்கள். ஒரு சோதனைக் குழாயில் கால் பாகம் சுத்தமான நீர் எடுத்து, அதில் வெப்பமானியைச் செருகி, குவளைக்குள் நிறுத்துங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். வெப்பநிலை மளமளவென்று இறங்கும்; 0 டிகிரியில் வந்து நின்றுவிடும். வெளியே −10 டிகிரிக் குளிர் சூழ்ந்திருந்தும், குழாய்நீர் முழுவதும் உறையும்வரை கோடு படுத்தேயிருக்கும். அந்தப் படுத்த கோட்டில்தான் ஃபுளோரிடாவின் மரங்கள் உயிர் வாழ்கின்றன. சில சமயம் குழாயை அசைக்காமல் வைத்திருந்தால் நீர் −2, −3 டிகிரிவரை உறையாமலே போய், திடீரென்று உறைந்து, வெப்பநிலை மேலே தாவுவதையும் காணலாம். அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

புகை போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. கலிபோர்னியாவில் முன்பு தோப்புகளில் எண்ணெய் அடுப்புகளை எரித்து ஊரையே கரும்புகையில் மூழ்கடித்தார்கள். புகை போர்வையாகும் என்று நம்பினார்கள். புகைத்துகள்கள் மிகச் சிறியவை. நீண்ட அலையுள்ள வெப்பக்கதிர்கள் அவற்றைச் சட்டை செய்யாமல் போய்விடும். உதவியது தீயின் சூடுதான். புகையால் வந்தது இருமல். இன்று உயரமான கோபுரங்களில் பெரிய விசிறிகளைச் சுழற்றி, பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் தங்கியிருக்கும் வெப்பக்காற்றைக் கீழே கொண்டுவருகிறார்கள். தாஜிகிஸ்தானிலோ தரையில் பள்ளம் தோண்டி அதற்குள் லெமன் வளர்க்கிறார்கள். இரண்டு மீட்டர் ஆழத்தில் கோடைக்கும் குளிருக்குமுள்ள வேறுபாடு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அங்கே குளிர் வந்துசேரவும் இரண்டு மாதம் தாமதமாகும்.

குளிரைத் திட்டிக்கொண்டே வந்தோம். அதற்குச் சேரவேண்டிய ஒரு பெருமையும் உண்டு. நம் சமவெளிச் சாத்துக்குடி நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருப்பது ஏன்? தோலிலுள்ள பச்சையம் சிதைந்து மஞ்சள் நிறமிகள் வெளிப்படக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். படங்களில் காணும் அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் குளிர் போட்ட சாயம்.

அந்த மாணவரிடம் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கோடை விடுமுறையில் இன்னொரு கன்று கொண்டுவந்தார். இந்த முறை வீட்டுக்கார அம்மாளைக் கேட்டு, தெற்குப் பார்த்த கருங்கல் சுவரோரம் வைத்தேன். இருபுறமும் கறுப்பு வண்ணம் அடித்த இரண்டு எண்ணெய் டின்களில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நாலு குச்சி நட்டு மேலே கோணிச்சாக்கைப் போட்டுவிடுவேன். மூன்று குளிர்காலம் தாண்டியது. மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் பூத்தது, காய் பிடிக்கவில்லை. உறைபனியிலிருந்து காப்பாற்ற எனக்குத் தெரிந்தது. மலையின் கோடைக்கு இன்னும் கொஞ்சம் வெப்பம் சேர்க்கத் தெரியவில்லை. மாற்றலாகி வந்தபோது செடியை வீட்டுக்கார அம்மாளிடம் ஒப்படைத்தேன். "காய்க்காட்டி என்ன சார், ரசத்துக்கு இலை கிள்ளிப் போட்டா வாசனையா இருக்குமே" என்றார் அவர்.